பாவாடையில் மூன்று மடிப்பு

காலையில் ஸ்டவ்வைப் பற்ற வைப்பதற்கு முன், மகள் வசந்தகுமாரியின் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்க்கிறாள் கஸ்தூரி. தைராய்டு மாத்திரை உள்ளே போய்விட்டதா என்ற சோதனை. போய் ஒரு மணி நேரம் ஆகும்வரை அந்த வீட்டில் டீ கிடையாது. வாசனை வந்தால் பெண் கேட்பாளாம். அதனால் புருஷனுக்கும் கிடையாது. நாகேந்திரன் சட்டையை மாட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸ் வாசல் கடைக்கு நடையைக் கட்டுகிறார்.

"ஊசியாண்ட கூட எனக்கு பயமில்லக்கா. இந்த மாத்திரையாண்டதான் பயம்" என்கிறாள் கஸ்தூரி என்னிடம்.

ஆவடியில் ராணுவ உடை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. பிறந்த ஊர் திருவேற்காடு. பேசும்போது நடுநடுவே, இல்லாத நூலைப் பல்லால் கடிப்பாள். அடுத்த வீடு எங்களுடையது. அவள் வீட்டில் பிரிட்ஜ் இல்லாததால் எங்கள் பிரிட்ஜில் முட்டைகளுக்குப் பக்கத்தில் அவள் மகளின் வளர்ச்சி ஊசி மருந்து இருக்கிறது. தினமும் ராச்சாப்பாட்டுக்கு முன் வந்து எடுத்துப்போவாள். ஒருநாள் அதன்மேல் தக்காளிக் கூடையை வைத்துவிட்டேன். "புள்ள மேல கூடைய வச்சிட்டியேக்கா" என்றவள் இரண்டு நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

வசந்தகுமாரிக்குப் பன்னிரண்டு வயது. ஊசி தொடங்கியபோது ஏழு வயதுப் பெண்ணின் உயரம்தான். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று தலைமையாசிரியை தேற்றியிருக்கிறார். "கீர்த்தி இர்க்கட்டும் டீச்சர், பஸ்ல கம்பி எட்டலியே" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள் கஸ்தூரி.

வளரும் பிள்ளை என்று பள்ளிப் பாவாடையில் மூன்று மடிப்பு வைத்துத் தைப்பாள். உயரம் கூடக்கூட ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் போதும். ஆனால் வருஷா வருஷம் மடிப்பு பிரியாமலே பாவாடை கிழிந்துபோனது. ஊசி தொடங்கிய பிறகுதான் முதல் மடிப்பு பிரிந்தது. அன்றைக்கு எங்கள் வரிசை முழுக்கக் கேசரி.

அதோடு வளர்ச்சி நின்றுபோனது. பெண் பள்ளியில் தூங்கி வழிந்தாள். சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். பட்டணத்து டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டுத் தைராய்டு இறங்கியிருக்கிறது என்றார். அதைக் கஸ்தூரி எனக்கு விளக்கினாள்: "ஊசி புள்ளைய இழுக்குது. கய்த்துல கீற சுரப்பி ஈடு குடுக்கல. மேல்நூலு ஓடிகினே கீது, கீழ பாபின்ல நூலு தீந்துட்ச்சி. தையலு எப்டி நிக்கும்? மாத்திரை குட்த்தாதான் ஊசியும் புடிக்குமாம்."

மாத்திரை வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ரத்தத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லை. ஒழுங்காகக் கொடுக்கிறாயா என்று டாக்டரம்மா கேட்டாராம். கஸ்தூரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரு நாள் தவறல மேடம். மொதல்ல டீயும் பன்னும் குடுத்துட்டு அப்பால மாத்திரை. வெறும் வயித்துல குடுத்தா குடல் வெந்துடாதா?"

இந்த மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போடவேண்டும், டீயும் பாலும் முந்திக்கொண்டால் உடம்பில் சரியாகச் சேராது என்று அப்போதுதான் தெரிந்தது. அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டிலும் சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை என்பதே சட்டம்.

"வயசுக்கு வந்து எலும்பு மூடிக்கினா அப்பால ஊசியே பலிக்காதாம். மூணு மாசத்த டீயில கரைச்சிட்டேன்க்கா" என்று எங்கள் சமையற்கட்டில் உட்கார்ந்து அழுதாள். மறுநாளிலிருந்துதான் இந்த டீத் தடை.

போன ஞாயிற்றுக்கிழமை மருந்து எடுக்க வந்தபோது மகளும் கூட வந்தாள். பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, "துணி சுருங்கிகீதுக்கா" என்றாள் கஸ்தூரி. கண் பட்டுவிடுமோ என்ற பயம்.

பிறகு என்னிடம் ஒரு பிளேடு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து இரண்டாவது மடிப்பைப் பிரித்தாள். வெளுத்த பாவாடையில், இத்தனை நாள் உள்ளே கிடந்த துணி மட்டும் கருநீலமாக இறங்கியது.

"நேரா நில்லுடி" என்றாள்.

"நேராத்தாம்மா நிக்கிறேன்."

கஸ்தூரி அந்தக் கருநீலப் பட்டையை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.