அழுத்தி மிதிக்கக் கூடாத வண்டி

வைரக்கண்ணு ஓட்டினால் வண்டியில் கைக்குழந்தைகூடத் தூங்கிவிடும் என்று லப்பைக்குடிகாட்டில் சொல்வார்கள். எறையூர் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டிப் பழகிய கை அது. உயரத்தில் பாரம் ஆட ஆட, பள்ளம் மேடு பார்த்து லாரியை ஊரவிட்டுக் கொண்டுபோனவருக்குக் கார் ஓட்டுவது விளையாட்டுப் போல இருந்தது. துபாயிலிருந்து திரும்பி ஊரிலேயே ஹார்டுவேர் கடை வைத்த அப்துல் லத்தீப், தொண்ணூற்றெட்டில் அவரைத் தன் வீட்டு டிரைவராக வைத்துக்கொண்டார். லத்தீப்பின் மனைவி பாத்திமா பீவி அவரைச் சாப்பிட வைக்காமல் வண்டியை எடுக்க விடமாட்டார். பெரம்பலூரில் காய்கறி வாங்கப் போனாலும் சரி, திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போனாலும் சரி, அந்த வழக்கம் மாறியதில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் லத்தீப் சென்னையிலிருந்து பெரிய டர்போ டீசல் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கிவந்தார். வைரக்கண்ணுவுக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். ஆளை நிறைய ஏற்றிக்கொண்டு மேட்டில் போனாலும் மூச்சு வாங்காத வண்டி. சில மாதங்களில் அதன் இழுவை இன்னும் கூடியது. காலை வைத்தால் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸ் பட்டாசு வெடித்த மாதிரி கழன்றது. மாட்டி ஓட்டினார். மறுபடியும் கழன்றது. கெட்டியான ஹோஸ் ஒன்றை வாங்கி, கிளிப்பை நன்றாக இறுக்கினார்கள். அதன் பிறகு கழலவில்லை. ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது.

துறைமங்கலத்தில் சவரியாரின் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனார். ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரரான சவரியார் அதிகம் பேசாதவர். முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார்.

"தண்ணி கொறையிறதத் தவிர வேற ஒன்னும் இல்லண்ணே. பிக்கப் முன்னைக்கு இப்ப பிரமாதம்," என்றார் வைரக்கண்ணு.

"அதான் எனக்குப் பயமா இருக்கு. ஒரு வேலையும் பாக்காம பழைய வண்டிக்கு எப்படிய்யா பிக்கப் ஏறும்?"

காற்றழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்றை ஒரு சின்னக் குழாய் வழியாக இன்ஜினில் கோத்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார் சவரியார். அரியலூர் ரோட்டில் வண்டி போனது. முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே கண்ணாடி மேல் விரலை வைத்திருந்தார். "மிதி," என்றார். முள் விரலைத் தாண்டிக்கொண்டு போனது.

"விடு, விடு. போதும்."

மீட்டர்தான் பொய் சொல்கிறதோ என்று வேறொன்றை மாட்டிப் பார்த்தார். அதுவும் அதையே காட்டியது. ஒர்க்ஷாப்பில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். டர்போவின் அழுத்தத்தை எடுத்துச் சொல்லும் மெல்லிய குழாயைக் கழற்றி வாயால் ஊதினார். அடைப்பில்லை. அந்தக் குழாய் போய்ச் சேரும் டப்பாவுக்குள் கம்ப்ரசர் காற்றை விட்டார். அதிலிருந்து நீளும் கம்பி நகர வேண்டும். நகரவில்லை. கம்பியைத் தனியாகக் கழற்றிவிட்டுக் காற்றை விட்டார். இப்போது நகர்ந்தது. ஆக, டப்பாவில் கோளாறில்லை. கம்பி போய்த் தள்ள வேண்டிய கதவைக் கட்டிங் பிளேயரால் பிடித்து அசைத்தார். சுவரை அசைத்த மாதிரி இருந்தது.

"இங்க பாரு. புகை போற வேகத்துலதான் டர்போ சுத்தி இன்ஜினுக்குள்ள காத்த அடைக்குது. காத்து போதும்னதும் இந்தக் கதவு தொறந்து மிச்சப் புகைய வேற வழியா விட்டுரணும். கரி ஏறி, துரு ஏறி இறுகிப் போச்சு. நீ மிதிக்க மிதிக்க அது அடைச்சுக்கிட்டே இருக்கும். மொத ஹோஸ் கழண்டு இன்ஜினக் காப்பாத்துச்சு. இப்ப அதையும் இறுக்கிட்டீங்க. அந்த அழுத்தத்துலதான் தண்ணி கொறையுது. அடுத்தது இன்ஜின் மூடிக்கு அடியில இருக்குற ஹெட் கேஸ்கட்தான் போவும்."

எண்ணெய் விட்டு, தட்டி, சூடுகாட்டிக் கொஞ்சம் அசைத்தார். ஆறியதும் மறுபடி இறுகிக்கொண்டது. டர்போவை இறக்கி அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும், சாமான் சென்னையிலிருந்து வர வேண்டும் என்றார்.

லத்தீப்பின் மகள் மர்ஜியாவுக்கு அப்போது நிக்காஹ் பேசி முடித்திருந்த நேரம். "கல்யாண வேல தலைக்கு மேல கெடக்கு. வண்டி இல்லாம எப்புடி?" என்றார் லத்தீப்.

"சாமான் வர்ற வரைக்கும் ஓட்டுங்க பாய். ஆனா பதமா ஓட்டணும். லேசா கால வெச்சா டர்போ சும்மா கெடக்கும். அழுத்தி மிதிச்சீங்கன்னா நான் பொறுப்பில்ல. லாரிக்குப் பின்னாடியே ஊர்ந்தாலும் பரவாயில்ல," என்றார் சவரியார்.

வைரக்கண்ணு அப்படியே ஓட்டினார். சைக்கிள்காரர்கள்தான் அவரை முந்தவில்லை. "என்னப்பா வைரக்கண்ணு, வண்டிய ஓட்டுறியா, மேய்க்கிறியா?" என்று பாத்திமா பீவி சிரித்தார்.

சாமான் வருவதற்குள், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பாத்திமா பீவி அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டாக்டர், உடனே திருச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆஸ்பத்திரி வேன் வேறொரு கேஸை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அன்று முகூர்த்த நாள், டாக்சி ஸ்டாண்டு காலியாகக் கிடந்தது. "நம்ம வண்டியிலயே போயிரலாம்," என்றார் லத்தீப்.

மர்ஜியா பின் சீட்டில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். லத்தீப் முன்னால் உட்கார்ந்தார். சிறுவாச்சூர் வரை வைரக்கண்ணு கால் விரலால்தான் ஆக்சிலேட்டரைத் தொட்டார். ரோடு அப்போது இருவழிதான். முன்னால் சிமெண்டு லாரிகள் வரிசையாகப் போயின. ஒன்றைத் தாண்ட இடம் கிடைத்தாலும், தாண்டும் அளவுக்கு மிதிக்க முடியவில்லை. பாடாலூரைக் கடக்கும்போது பாத்திமா பீவியின் மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது.

"அத்தா, அம்மா கை சில்லுன்னு ஆவுது," என்று முன் சீட்டில் இருந்த தகப்பனிடம் மர்ஜியா அழுதாள்.

எதிரே ரோடு காலியாக இருந்தது. "மிதிய்யா! போனா வண்டி போவட்டும், மிதி!" என்று கத்தினார் லத்தீப். அந்தச் சத்தம் காதில் விழுந்தபோது வைரக்கண்ணுவின் கால் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்ததா, கேட்ட பிறகுதான் இறங்கியதா என்பது அவருக்கே தெரியவில்லை. வண்டி பாய்ந்தது. லாரிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கொஞ்ச தூரம், எல்லாம் சரியாகிவிடும் போல இருந்தது. பிறகு பானட்டுக்கு அடியில் டப்பென்று ஒரு சத்தம். பின்கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகை. சூடு காட்டும் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொள்ள, வண்டி பொட்டலில் நின்றது.

திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினார். இன்ஜின் முனகக்கூட இல்லை. லத்தீப் நடுரோட்டில் நின்று கையை ஆட்டி, வெங்காய மூட்டை ஏற்றிப்போன ஒரு வேனை நிறுத்தினார். மூட்டைகளைத் தள்ளி இடம் செய்து பாத்திமா பீவியை ஏற்றினார்கள். கால் பக்கம் பிடித்துத் தூக்கியவர் வைரக்கண்ணு. அவர் ஏற இடமில்லை. வேன் போனது. ஆவி பறக்கும் வண்டியோடு வெயிலில் தனியாக நின்றார்.

பொழுது சாய்வதற்குள் அதே வேன் திரும்பி வந்தது. டிரைவர் இறங்காமல், கதவில் கையை வைத்துக்கொண்டு சொன்னான்.

"போயிருச்சுண்ணே. சமயபுரம் போறதுக்குள்ளயே."

மறுநாள் அடக்கம் முடிந்து, வீட்டு வாசலில் ஓரமாக நின்றிருந்த வைரக்கண்ணுவைப் பாத்திமா பீவியின் தம்பி தௌஃபீக் எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தான்.

"மெக்கானிக் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. உன்ன யார்றா மிதிக்கச் சொன்னது?"

வைரக்கண்ணு நிமிர்ந்து லத்தீப்பைப் பார்த்தார். லத்தீப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பெண்கள் அழும் சத்தத்தில் மர்ஜியாவின் குரலும் கேட்டது. வைரக்கண்ணு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

வீட்டில் அவர் மனைவி அம்சவள்ளி துடித்துப்போனாள். "அவருதானே மிதிக்கச் சொன்னாரு? வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"பொண்டாட்டியக் குழிக்குள்ள வெச்சிட்டு வந்து நிக்கிறாரு. அவருகிட்டப் போயி அதச் சொல்லவா?"

"அப்ப உனக்கு யாரு பேசுறது?"

அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

செய்தி பெரம்பலூர் ஸ்டாண்டு முழுக்கப் பரவியிருந்தது. ஆளை ஏற்றும் வண்டி எதற்கும் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டார். கடைசியில் ஆலத்தியூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டப் போனார். பள்ளத்திலிருந்து கல்லை ஏற்றி மேலே கொட்டுவது, திரும்ப இறங்குவது. புருவமெல்லாம் வெள்ளைத் தூசு. பக்கத்து சீட்டில் யாரும் உட்கார வேண்டாத வேலை என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. நெஞ்சில் இருமல் மட்டும் வந்து தங்கிவிட்டது.

இரண்டாயிரத்து ஏழில் ஒருநாள், ஷிப்டு முடிந்து வெளியே வந்தபோது கேட்டுக்கு எதிரில் லத்தீப் நின்றிருந்தார். பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். ஆள் பாதியாக இளைத்து, தாடி வெளுத்திருந்தது. டீக்கடையில் உட்கார்ந்தார்கள். மர்ஜியா இப்போது கணவனோடு வெளிநாட்டில் இருக்கிறாள் என்றார். அந்த வண்டியை விற்றாகிவிட்டது என்றார். டீ ஆறியது.

"நான்தான் சொன்னேன்னு இன்னமும் யார்ட்டயும் சொல்லல, வைரக்கண்ணு. நான் கத்துனது மர்ஜியா காதுலயும் விழுந்துச்சு. அவளும் வாயத் தொறக்கல. தொழுக முடிஞ்சு உக்காந்தா உன் மொகந்தான் வருது."

"விடுங்க பாய்."

"ஒன்னே ஒன்னு கேக்கணும். நான் அன்னிக்கு அப்படிக் கத்தலேன்னா நீ மிதிச்சிருப்பியா?"

வைரக்கண்ணு டம்ளரைக் கீழே வைத்தார். கல் லாரி ஒன்று கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்தார்.

"மிதிச்சிருப்பேன் பாய்."

லத்தீப் தோள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். கடைக்காரர் கண்டும் காணாததுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வைரக்கண்ணு அவரைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அன்று வீட்டில் சோறு போட்டபடியே நடந்ததை எல்லாம் கேட்ட அம்சவள்ளி, கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாவே மிதிச்சிருப்பியா?"

வைரக்கண்ணு தட்டைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார்.

"தெரியல புள்ள," என்றார். "கொழம்பு ஊத்து."