செவலையின் கொம்பு அல்ல

பழனியப்பரின் கத்திப் பிடி அவருடைய செவலை எருதின் கொம்பு அல்ல. அது எந்த மாட்டுக் கொம்போ! மாற்றி வைத்தவன் நான்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

வெண்ணந்தூர்ப் பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறேன். எழுத்து அதிகம் வராது. பழனியப்பர் பக்கத்துக் காட்டுக்காரர்; எங்கள் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம். அவருடைய செவலைக்கு லாடம் அடித்ததெல்லாம் நான்தான். கிடத்திக் கட்டினாலும் உதைக்காது. எழுந்ததும் என் தோளை நக்கும்.

அது செத்த பிறகு, ஒற்றைக் கொம்பை மட்டும் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்.

“ஏனப்பா ஆசாரி, இத என்ர கத்திக்குப் புடியாப் போட்டுக் குடு. காட்டுக்குப் போறப்ப அவனும் கூட வரட்டும்.”

“செத்தும் அவனுக்கு ஓய்வு குடுக்க மாட்டீங்களா?” என்றேன்.

சிரித்தார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இடுப்புக் கத்தியை உருவி வைத்தார். “மாட்டுப் பொங்கலுக்குள்ள வேணும், சாமி.”

அந்தக் கத்தியின் இரும்பு, பிடியின் கடைசிவரை ஒரே தகடாக ஓடும். இரு பக்கமும் கொம்புப் பட்டை வைத்து, துளையிட்டு, பித்தளை ஆணி கோத்து, முனைகளைத் தட்டிப் பரப்பவேண்டும். கொம்போ வளைந்தது. கொதிநீரில் இளக்கி, கல்லுக்கடியில் வைத்து நிமிர்த்தி, நன்றாக ஆறவிடவேண்டும். ஆறாத கொம்பு பழைய வளைவைத் தேடும்.

எனக்குத் தெரியாதா? தெரியும்! பொங்கல் நெருங்கிவிட்டது... சூடு அடங்குமுன் ஆணி அடித்தேன்.

நடு ஆணியைத் தட்டும்போது ஒரு சின்னச் சத்தம். பட்டை குறுக்கே விரிசல் விட்டது. கழற்றும்போது மற்றதும் போயிற்று. இன்னொரு கொம்பு செவலையோடு மண்ணுக்குள் இருந்தது.

“போய்ச் சொல்லீட்டு வாங்க. அடிச்சா போடுவாரு?” என்றாள் என் மனைவி.

அடிப்பாரென்றால் போயிருப்பேன்! “போச்சாது போ, சாமி” என்று பெரிதுபடுத்தாமல் விட்டுவிடுவார். வெறும் துண்டோடு திரும்பி நடப்பார். அதைப் பார்க்க எனக்கு ஆகாது. அது பயமா, பிரியமா? இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ராசிபுரம் சந்தையில் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த கொம்பில் பிடி போட்டுக் கொடுத்தேன்.

மாட்டுப் பொங்கலன்று கத்திக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். பிடியை முகர்ந்தார். “அவன் வாசம்கூட இருக்குது, பாத்தியா!”

“ஆமாங்க” என்றேன்.

கொம்பு உடைந்தது கைப்பிழை. இந்த ‘ஆமாங்க’ என்ன பிழை? நீங்களே சொல்லுங்கள்...

வருஷங்கள் போயின. உலகச் சண்டைக் காலத்தில் ஆணி தளர்ந்து, கத்தியை என்னிடமே கொண்டுவந்தார். “வேற ஆளு கை படப்படாது” என்று வைத்துவிட்டுப் போனார்.

உடைந்த பட்டைகளை நான் எறியவில்லை. பழந்துணியில் சுற்றி வைத்திருந்தேன். அரக்கு வைத்து ஒட்டிவிடலாம். யாருக்கும் தெரியாது! ஆணிகளைக் கழற்றினேன். பொய்க் கொம்பைக் கையில் எடுத்தேன்.

அதில் ஒரு குழி. அவர் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய குழி. என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. செவலையின் கொம்போ யார் கையும் அறியாமல் சொரசொரவென்று கிடந்தது.

எதை வைப்பேன்?

பொய்யையே மறுபடி வைத்தேன். பித்தளை கிடைக்காத காலம். எங்கள் வீட்டுப் பழைய சொம்பை அறுத்து ஆணி செய்தேன். இந்தமுறை நிதானமாக அடித்தேன்.

வாங்கிப் பார்த்தார். குழியில் விரலை வைத்து அழுத்தினார். “அவனுக்கு என்ர கை தெரியுது, பாரு!”

“ஆமாங்க.” மறுபடியும்!

இன்றும் காலையில் பட்டறையைத் தாண்டிப் போகும்போது, இடுப்புக் கத்தியைத் தட்டிக் காட்டிச் சத்தம் போடுவார்: “ஆசாரி, நானும் செவலையும் காட்டுக்குப் போயிட்டு வாரோம்!”

நான் சுத்தியலைத் தூக்கிக் காட்டுகிறேன். என் காலடியில், பெட்டிக்குள், துணியில் கிடக்கிறான் செவலை. காட்டுக்குப் போகாமல்...