தங்கையின் புரட்டாசி

தங்கைக்கு மாநில ஓட்டப்பந்தய அணியில் இடம் கிடைக்க வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டு, புரட்டாசி முழுக்க வீட்டில் கவுச்சி கூடாது என்றார். கிள்ளானில் எங்கள் வரிசையில் பாதி வீடு அப்படித்தான். லோரி ஓட்டப் போகிற இடத்தில் அப்பா என்ன சாப்பிட்டார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

தேர்வு ஓட்டம் நெருங்கியபோது பயிற்சியில் அவளுக்குத் தலை சுற்றியது. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, இரும்புச்சத்து மிகவும் குறைவு என்றார்கள். பயிற்சி கொடுக்கும் மலாய் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, ஈரலோ இறைச்சியோ கொடுக்கச் சொன்னார். அவள் ஓடுவதா இல்லையா என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள் என்றார்.

எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான். படித்தது கணக்கியல். ஆனாலும் மருந்துச் சீட்டு வரைக்கும் என்னிடம்தான் வரும்.

"நீ படிச்சவன். வேண்டுதல முறிக்கணுமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு" என்றார் அம்மா.

பிரிக்பீல்ட்ஸில் வேலை. போகும்போதும் வரும்போதும் ரயிலில் இதையே தேடிப் படித்தேன். பருப்பும் கீரையும் போதும் என்றது ஒன்று. ஓடுகிற பிள்ளைகளுக்குப் போதாது என்றது இன்னொன்று. ஏறும்போது ஒரு முடிவு, இறங்கும்போது வேறொன்று. கடைசியில், வேண்டுதல் இருக்கட்டும், தட்டில் பருப்பும் கீரையும் சோயா தெம்பேயும் நிறைய இருக்கட்டும் என்றேன். அம்மாவுக்கு நிம்மதி.

அன்று அவள் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிக்கொண்டே வந்து, கால்வாசிகூடத் தின்னாமல் எழுந்தாள். விரதம் என்றாள். விரதத்துக்குச் சோறு என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"சும்மா இரு லா அண்ணே. புரட்டாசின்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மத்த மாசம்னா சாப்பிடு சாப்பிடுன்னு உயிர எடுப்பாங்க. லேசா இருந்தாதான் நான் வேகமா ஓடுறேன். வேணும்னா டீச்சர கேளு."

கேட்டேன். உண்மைதான். தலை சுற்றிய அன்றுகூட அவள் அதுவரை ஓடாத வேகத்தில் ஓடியிருந்தாள். ஓடி முடிக்கும் நேரம் கூடியிருந்தால் அவளிடம் பேசுவது சுலபம். குறைந்திருக்கிறதே, என்ன சொல்வது?

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். கறி இல்லாதது மட்டும் இல்லம்மா, அவள் சாப்பிடுவதே இல்லை என்றேன். அம்மாவின் கண் கலங்கியது.

"என் வேண்டுதல என்னைவிட கடுமையா புடிக்கிறாடா, பாவம்."



மறுநாள் ரயிலில் இருந்தே ஆசிரியையை அழைத்து, தங்கை சாப்பிடுவதே இல்லை, தேர்வில் ஓட விடாதீர்கள் என்றேன். மலாயில் சொன்னதாலோ என்னவோ, வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.  எதுவரைக்கும் நிறுத்தி வைப்பது என்று கேட்டார் அவர்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.