மூடிக்கொண்ட கை

மெல் ஊர் நாணயக்கூடத்தில் கோஸ்பெர்ட் அச்சுப் பிடிப்பவன். வெள்ளித் துண்டின் மேல் அவன் அச்சைப் பிடிக்க, இன்னொருவன் அதன் தலையில் சம்மட்டியை ஓங்கி அடிப்பான். அந்த நேரத்தில் பிடி தளர்ந்தால் வெள்ளிக் காசில் மன்னர் பெயர் கோணலாக விழும், இவன் முதுகில் சவுக்கு விழும். அடி வந்தால் இறுக்கிப் பிடி. சின்ன வயதிலிருந்து அவன் கற்றது அது ஒன்றுதான்.

அவன் வார்னர் என்ற எஜமானின் அடிமை. ரொட்டி சுடும் ரொதில்தாவோ யாருக்கும் அடிமையில்லை. ஊருக்குத் தெரியாமல் இருவரும் பழகினார்கள். இப்போது அவள் வயிற்றில் அவன் பிள்ளை. அப்பன் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது வழக்கம். நாசமாய்ப் போகிற வழக்கம்!

நல்ல வேலைக்காரன் என்று வார்னரே மனமிரங்கி அவனை விடுவிக்க ஒத்துக்கொண்டார். மன்னர் முன்னால் அடிமை ஒரு காசை உள்ளங்கையில் ஏந்தி நிற்பான்; எஜமான் அதைத் தட்டிவிடுவார். காசு கீழே விழுந்தால் விடுதலை.

“கைய விரிச்சு வச்சா போதும். கோட்ட விட்டுடாதய்யா” என்றாள் ரொதில்தா.

“போடி, காசு எனக்குப் புதுசா?”

மன்னர் வேட்டைக்கு வந்த அன்று கோஸ்பெர்ட் காசை ஏந்தி நின்றான். வார்னரின் கை வேகமாக இறங்கியது. அடி வருகிறது என்றதுமே, பாவி, அவன் விரல்கள் இறுக மூடிக்கொண்டன. காசு விழவில்லை.

“பயலுக்கு விடுதலைய விட காசுதான் பெருசு போல” என்று ஒருவன் சொல்ல, கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது.

வார்னரின் முகம் கறுத்தது. “மன்னர் முன்னால என் மானத்த வாங்கிட்டியேடா. போய் அச்சப் பிடி. இனிமே இந்தப் பேச்சே எடுக்காத.”

“ஏன்யா விடல?” என்று அன்று மாலை ரொதில்தா கேட்டாள்.

“தெரியலடி. கை என் பேச்சக் கேக்கல.” அவன் அழுதான். அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

பனிக்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்குத் தூக்கி வந்த ரொதில்தாவிடம் கோயில் வாசலில் தகப்பன் யார் என்று பாதிரியார் கேட்டார்.

“யாரோ வழிப்போக்கன் சாமி. பேரு தெரியாது.”

சுற்றி நின்ற பெண்கள் காறித் துப்பினார்கள். அங்கே நின்ற வார்னரின் கணக்குப்பிள்ளைக்கு மட்டும் சந்தேகம்; அவளையும் கோஸ்பெர்ட்டையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்திருந்தார். நாணயக்கூடத்துக்கு ஆள் விட்டு கோஸ்பெர்ட்டை வரவழைத்தார்.

“உண்மையச் சொல்லுடா. இது உன் பிள்ளையா?”

அவன் குழந்தையைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. ஒரே ஒரு முறை தூக்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ரொதில்தா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லீங்க. இவ யாருன்னே எனக்குத் தெரியாது.”

“சரி, வேலையப் பாரு, போ” என்றார் கணக்குப்பிள்ளை. பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்று கேட்கும்வரைகூட அவனை அங்கே நிற்க விடவில்லை.