கறுப்புத் தூள் வந்த வழி

பெல்ட்டின் பித்தளைக் கொக்கி ஒரு மனிதரின் காதுமடலைக் கிழித்துக்கொண்டு போனதை நான் பார்த்தது, கிழக்கே ஒரு மலை மாவட்டத்தில், ஒரு கிராஃபைட் சுரங்கத்தில். அடி வாங்கியவர் அங்கே மண் சுமக்கும் தொழிலாளி. அடித்தவன் குத்தகைக்காரனின் கங்காணி. எங்களிடம் பேசியதுதான் அவர் செய்த குற்றம். முன்பக்கக் குழியில் தலைக்கவசமும் புது பூட்ஸும் மாட்டிய ஆட்களை நிறுத்தி எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மலைக்குப் பின்னால் வேறு குழிகள் இருக்கின்றன என்று சொன்னவர் அவர்.

நானும் அக்காவும் போயிருந்தோம். புனே அருகே ரஞ்சன்காவில், பேட்டரி செய்யும் ஆலையில் எங்களுக்கு வேலை. பேட்டரிக்குள் போகும் கிராஃபைட், அந்தக் கறுப்புத் தூள், எங்கிருந்து, யார் கையால் வருகிறது என்று நேரில் பார்த்துக் கையெழுத்திடுவது அக்காவின் பொறுப்பு. நான் அவருக்குக் கீழே இருந்தேன். அவர் புனேயின் கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். கோவையிலிருந்து வந்த நான் முதல் நாள் மேடம் என்றதற்கு, "அரே, வீட்ல தமிழ் பேசறவங்ககிட்ட என்னடா மேடம்?" என்று அதட்டினார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா.

சுரங்கத்தில் அன்று அவர் ஓடிப்போய் பெல்ட்டைக் கையால் பிடித்தார். கங்காணி உருவி மறுபடி வீசினான். அந்த அடி அவருடைய முன்கையில் இறங்கியது. "இப்ப என்னை அடி!" என்று இந்தியில் கத்தினார். அவன் தயங்கிய நேரத்தில், ரத்தம் ஒழுகும் காதைப் பொத்தியபடி அந்தத் தொழிலாளி எங்களைப் பின்பக்கக் குழிகளுக்கு அழைத்துப் போனார். கிணற்றைவிடக் குறுகலான பொந்துகள். முட்டுக் கொடுக்க ஒரு மரத்துண்டு இல்லை. கூடை சுமந்த பெண்கள் ஈரச் சுவரைப் பற்றி ஏறிவந்தார்கள். ஒரு குழி மட்டும் மூடியிருந்தது. சில நாள் முன்பு அது சரிந்து இருவர் புதைந்தார்கள் என்றும், எடுக்காமலே மேலே மண்ணைத் தள்ளிவிட்டார்கள் என்றும் அவர் சொன்னார். நாங்கள் நின்றிருந்த மண் காலடியில் இன்னும் அமுங்கியது.

திரும்பி வந்ததும் எங்கள் மேலாளர் சுலபமான முடிவைச் சொன்னார்: இந்தச் சுரங்கக்காரனை விட்டுவிட்டு வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வோம். நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். அக்கா மறுத்தார். "நாம நிறுத்தினா நம்ம கை சுத்தமாயிடும், அவ்ளோதான். குழி அங்கதானே இருக்கும்? கேள்வி கேக்காதவன் வந்து வாங்கிட்டுப் போவான்." காது கிழிந்தவரும் தொலைபேசியில் அதையே கேட்டிருந்தார். வாங்குவதை நிறுத்தாதீர்கள், அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று. அக்கா நிபந்தனைகள் எழுதினார். பின்பக்கக் குழிகளை மூட வேண்டும், முட்டு மரம் இல்லாத குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது, புதைந்தவர்களை எடுத்துக் குடும்பத்திடம் ஒப்படைக்க வேண்டும், அந்தக் குத்தகைக்காரன் வெளியேற வேண்டும். இல்லையென்றால் ஒரு லாரிகூட எங்கள் வாசலுக்குள் வராது. சுரங்க முதலாளி பணிந்தார். குத்தகைக்காரன் பணியவில்லை.

ஒரு பிற்பகல், ஆலையிலிருந்து திரும்பும்போது, புனே நெடுஞ்சாலையில் எங்கள் காரை இரண்டு பைக்குகள் மறித்தன. உரசிவிட்டோமோ என்று அக்கா இறங்கினார். முதல் இரும்புக்கம்பி அவர் தோளில் விழுந்தது. ஓட்டுநர் ஆள் கூப்பிட எதிர்ப்பக்கத் தாபாவுக்கு ஓடினார். நான் பின்சீட்டில் இருந்தேன். அக்கா தடுமாறி என் பக்கம் வந்தார். நான் கதவைப் பூட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மணிக்கட்டு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. காதோடு சேர்த்து விழுந்த அடியில் சரிந்து உட்கார்ந்தார். லாரிக்காரர்கள் கத்திக்கொண்டு ஓடிவரும்வரை என் விரல் பூட்டின் மேலேயே இருந்தது.

கதவு சிக்கிக்கொண்டது என்று போலீசிடம் சொன்னேன். ஆலையிலும் அதையே சொன்னேன். குத்தகைக்காரன் அனுப்பிய அந்த ஆட்களில் இருவர் பிடிபட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு அக்கா படுத்திருந்த மருத்துவமனைக்கே காகிதங்களைக் கொண்டுபோய், அதுவரை இழுத்தடித்த மேலாளர் நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்தார். புதைந்திருந்த இருவரையும் தோண்டி எடுத்தார்கள். பின்சரிவுக் குழிகள் மூடப்பட்டன. அக்காவுக்கு இடது காது கேட்காமல் போயிற்று, வேலையை விட்டார். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

போன மாதம், சுரங்கத்தைப் பார்த்துவிட்டு வந்த கையோடு, புனேயை அடுத்த நிக்டியில் அவர் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடம் மறைத்ததைச் சொல்லிவிட்டேன். "அக்கா, கதவு சிக்கிக்கல. நான்தான் பூட்டினேன். பயந்துட்டேன்."

கேட்கும் காதை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார். "தெரியும்டா. கண்ணாடியைத் தட்டினது நான்தானே," என்றார்.

நான் தலை நிமிரவில்லை. பிறகு, "இந்தத் தடவை குழிக்குள்ள இறங்கினியா, மேலேர்ந்தே பாத்துட்டு வந்தியா?" என்று கேட்டார்.

"இறங்கினேன்கா."

"எத்தனை முட்டு அழுகியிருந்தது?"

ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.