பானெட்டுக்குள் அண்ணன் எழுதிய சிவப்பு எழுத்து

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களும் நண்பர்களும் இதை விசிறியாக்கி விடாமல், உட்கார்ந்து கடைசிவரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பண்பாளர், பாசமிக்கவர் என்று நான்கு வரி எழுதி முடித்துக்கொள்ள இந்தத் தங்கைக்கு மனம் வரவில்லை. நான் வேலை செய்யும் அச்சகத்தில் நானே தட்டச்சு செய்து, நானே பிழை பார்த்த கட்டுரை இது. இதில் உள்ள ஒரு சொல்லும் கை தவறி விழுந்ததல்ல.

அண்ணன் வடக்கனந்தலில் பிறந்தார். பெற்றோர் கரும்பு வெட்டும் கூலிக்குப் போனவர்கள். அப்பா இறந்தபோது அண்ணன் பத்தாம் வகுப்பு. அதோடு பள்ளியை விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறையில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர், கச்சிராயபாளையத்தில் இருந்த எங்கள் மாமா, அம்மாவின் அண்ணன். அவர் இல்லையென்றால் நாங்கள் இல்லை. என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தது அண்ணனின் கை.

பிறகு அண்ணன் சொந்தமாகப் பட்டறை வைத்தார். கம்ப்யூட்டர் வைத்த கார்கள் வரத் தொடங்கியபோது மற்றவர்கள் பானெட்டைத் திறக்கவே பயந்தார்கள். அண்ணன் கோயம்புத்தூருக்குப் போய்க் கற்றுக்கொண்டு, ஸ்கேனரோடு திரும்பி வந்தார். அவரிடம் இரண்டு பிடிவாதங்கள் உண்டு. பழுது இன்னதென்று தெரியாமல் ஒரு சாமானையும் மாற்ற மாட்டார். மாற்றினால், கழற்றிய சாமானைச் செய்தித்தாளில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்.

மாமா கல்வராயன் மலையில் நிலம் குத்தகைக்கு எடுத்து மரவள்ளி போட்டிருந்தார். வாரம் இரண்டு முறையாவது காரில் மேலே போவார். அந்தக் கார் தரையில் நன்றாக ஓடும், மலை ஏறும்போது நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும்.

"இன்னாடா மருமவனே, ரெண்டு பட்டறையில பம்ப்பு, சென்சாருன்னு எல்லாத்தையும் மாத்திட்டானுங்க. இது மட்டும் மலையப் பாத்தா மூச்ச நிறுத்திக்குது" என்றார் மாமா.

"பழுதே தெரியாம மாத்திக்கினே இருந்தா எப்புடி மாமா? வண்டிய வுட்டுட்டுப் போங்க" என்றார் அண்ணன்.

வண்டி நின்ற நேரத்தில் ஸ்கேனரைச் செருகினால் மற்ற பாகங்கள் பதில் சொல்லின, இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டி மட்டும் பேசவில்லை. பேட்டரியிலிருந்து அந்தப் பெட்டிக்குக் கரண்ட் சரியாகப் போகிறது, எர்த்தும் சரியாக இருக்கிறது. பெட்டியிலிருந்து சென்சார்களுக்கு வரவேண்டிய ஐந்து வோல்ட் மட்டும் வரவில்லை. அப்படியும் அண்ணனுக்குத் திருப்தியில்லை. என்னுடைய ஹேர் டிரையரை வாங்கிப் போய், வண்டியை ஓடவிட்டு, மலை ஏற்றத்தில் சூடேறுவதுபோல் அந்தப் பெட்டிக்குச் சூடு காட்டினார். சில நிமிடங்களில் இன்ஜின் அணைந்தது. ஈரத்துணியைப் போர்த்திக் குளிர வைத்ததும் கிளம்பியது. மூன்று முறை செய்து பார்த்த பிறகே, "கம்ப்யூட்டர்தான்" என்று வாய் திறந்தார்.

அதே எண் போட்ட புதுப் பெட்டியை வரவழைத்துப் பொருத்தினார். சாவியைப் புதுப் பெட்டிக்கு அறிமுகம் செய்து வைக்காவிட்டால் வண்டி கிளம்பாது, அதையும் செய்தார். மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்து வெள்ளிமலைக்கு மூன்று தடவை ஏறி இறங்கினார். பழைய பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றி அவர் கையில் கொடுத்தார். பிறகு மாமாவின் மகனைக் கூப்பிட்டார்.

"மச்சான், வண்டிய வெளிய எவ்ளோ வேணா கழுவிக்கோ. பானெட்டத் தூக்கிப் பிரஷர் தண்ணி மட்டும் அடிக்காத. இந்தப் பொட்டிக்குள்ள தண்ணி போச்சுன்னா வண்டி நடுவழியில நின்னுடும்."

சொன்னது போதாது என்று பானெட்டின் உட்புறத்தில் சிவப்புப் பெயிண்டால் 'தண்ணீர் அடிக்காதே' என்று எழுதியும் வைத்தார். அதன்பின் ஓராண்டுக்கு மேல் அந்தக் கார் மலையில் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

அதற்குப் பின் வந்த ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் நாள், மலையில் இருந்த மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தது. மகன் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் ஓர் ஏற்றத்தில் கார் நின்றது, திரும்பக் கிளம்பவே இல்லை. போனில் சிக்னல் இல்லை. வெகுநேரம் கழித்து ஒரு பால் வண்டி வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்னே மாமா போய்விட்டார்.

வாய்க்கரிசி போட அரிசியோடு போன அண்ணனை, மாமாவின் மகன் பந்தல் வாசலிலேயே மறித்தார்.

"நீ மாட்டுன ஓட்டக் கம்ப்யூட்டராலதான் எங்கப்பா செத்தாரு. அரிசி போட வந்துக்கினு நிக்கிறியா? போடா வெளிய!"

"மச்சான், அந்தப் பொட்டிய ஒரே ஒரு வாட்டி என் கண்ணுல காட்டு. இன்னா ஆச்சுன்னு பாத்துட்டுப் போயிடறேன்."

காட்டவில்லை. அண்ணன் கையிலிருந்த அரிசியைத் தட்டிவிட்டார். அன்று அந்தப் பந்தலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் பலர் இன்று இந்த மலரை வைத்திருக்கிறீர்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் மாமாவின் மகன் அதையே மைக்கில் சொன்னபோதும் தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டீர்கள்.

அதற்குப் பிறகு அண்ணன் பட்டறைக்குக் கார் வரவில்லை. "அவன் கை வெச்ச வண்டி மலையில நின்னுடும்" என்று டவுன் முழுக்கப் பேச்சு. கடைசியில் டிராக்டருக்கு ஹாரன் மாட்டிக்கொண்டிருந்தார். சிறுநீரகம் பழுதாகிப் படுத்தபோதும் அவர் யாரையும் திட்டவில்லை. அவருக்கும் சேர்த்து நான் திட்டினேன். கடைசி வாரத்தில் என்னிடம் அவர் சொன்னது இதுதான்:

"இன்னா பழுதுன்னு தெரியாமயே போறேன் பாரு. அத மட்டும் எப்புடியாச்சும் கண்டுபுடிம்மா."

இந்த மலருக்காகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பழைய படங்கள் கேட்டிருந்தேன். மாமாவின் மகன் ஒரு படம் அனுப்பி, 'அப்பாவோட கடைசி ஆயுத பூஜை. இதையும் மலர்ல போடுங்க' என்று எழுதியிருந்தார். போனின் சின்னத் திரையில் அவருக்கு அப்பாவின் முகம் மட்டுமே தெரிந்திருக்கும். அச்சகத்தின் பெரிய திரையில் அதைத் திறந்தேன். மாமா நாற்காலியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் கார், தூக்கிய பானெட். உள்ளே அண்ணனின் சிவப்பு எழுத்து தெளிவாகத் தெரிகிறது. அந்த எழுத்துக்கு நேர் கீழே பிரஷர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பவர் படத்தை அனுப்பியவரேதான்.

அந்தப் படத்தோடு, மாமா இறந்தபின் காரைச் சரிசெய்த பட்டறைக்காரரைத் தேடிப் போனேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொட்டியக் கழட்டுனதும் பிளக்கு வழியாத் தண்ணி சொட்டுச்சும்மா. உள்ள பச்சையாக் களிம்பு பூத்துக் கெடந்துச்சு. தண்ணி அடிச்சதாலதான் போச்சுன்னு காரியத்துக்கு முன்னாடியே அவருகிட்ட சொல்லிட்டேன். 'வெளிய சொல்லாதீங்க'ன்னாரு. நானும் வம்பு எதுக்குன்னு வுட்டுட்டேன்."

துக்கத்தில், தெரியாமல் பேசியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். பதினாறாம் நாள் அவர் தெரிந்தே பேசினார். மன்னிக்க மாட்டேன். இதைப் படிக்கும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்துத்தான் ஒரு மாதமாக இந்த மலரைத் தயாரித்தேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இனி நன்றி. இரண்டு ஆண்டு அண்ணனைக் கைக்குழந்தையாகப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கு நன்றி. தாமதமானாலும் உண்மையைச் சொல்லி, பரணில் கிடந்த அந்தப் பெட்டியையும் எடுத்துக் கொடுத்த பட்டறைக்காரருக்கு நன்றி. படம் அனுப்பிய மாமாவின் மகனுக்கு எங்கள் குடும்பத்தின் சிறப்பு நன்றி. அவர் கேட்டபடியே படத்தை எதிர்ப்பக்கத்தில், முழுப்பக்க அளவில், வண்ணத்தில் போட்டிருக்கிறோம்.

அண்ணா, பழுது கண்டுபிடித்தாகிவிட்டது.

இன்றைய நினைவு நாள் நிகழ்ச்சியின் முன்வரிசையில் மாமாவின் மகனுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். அதன்மேல் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருக்கும். அவருடைய காரில் கழற்றிய சாமான்தான், மறக்காமல் எடுத்துச் செல்லவும். அண்ணன் படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் அரிசியும் வைத்திருக்கிறோம். போட விரும்புகிறவர்கள் வரிசையில் வந்து போடலாம். எங்கள் வாசலில் யாரையும் மறிக்க மாட்டோம்.