'இன்ட்ரீகிங்' என்றார் அதிகாரி

ஒரு சொல்லுக்குத் தவறான பொருள் சொல்லி, ஒருத்தியின் வேலையைப் பறித்தவள் நான். தவறென்று தெரிந்த பின்னும் வாய் திறக்காதவள்!

எழுபதுகளின் நடுவில், மரக்காணத்தில் ஓர் உப்பள முதலாளியிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே ஆங்கிலம் அறிந்தவள் நான் ஒருத்தியே... அந்தக் கர்வம் எனக்கு எவ்வளவு இருந்தது தெரியுமா உங்களுக்கு?

அளத்தைப் பார்வையிட வடக்கேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். உப்பு வாரிக்கொண்டிருந்த கன்னியம்மா, பலகையைப் போட்டுவிட்டு நேரே அவர்முன் வந்து நின்றாள்.

"ஐயா, இங்க ஒதுங்க நிழல் இல்ல, குடிக்கத் தண்ணி இல்ல. உங்க ஊர் அளத்துலயும் இப்பிடித்தானுங்களா?"

மொழிபெயர்த்தேன். அதிகாரி வியப்போடு அவளைப் பார்த்தார். "இன்ட்ரீகிங் உமன்!" என்றார்.

"இன்னாம்மா சொல்றாரு?" முதலாளி என்னிடம் கிசுகிசுத்தார்.

'இன்ட்ரீக்' என்றால் சூழ்ச்சி என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன்.

"சூழ்ச்சிக்காரின்னு சொல்றாருங்க." நானும் கிசுகிசுத்தேன்.

முதலாளியின் முகம் இறுகியது.

சற்று நேரத்தில் அதிகாரி ஒரு பாத்தியருகே குனிந்தார். வெயிலில் சுண்டி ரோஜா நிறமாகியிருந்த உப்புநீரைக் காட்டி, அதே சொல்லைச் சொன்னார். இன்ட்ரீகிங்!

தண்ணீர் யாருக்கு எதிராகச் சூழ்ச்சி செய்யும்?

அப்போதே விளங்கிவிட்டது. மனத்தை ஈர்க்கிறது, மேலும் அறியத் தூண்டுகிறது... அதுதான் பொருள். அவளை அவர் மெச்சியிருக்கிறார்!

முதலாளி பக்கத்தில்தான் நின்றார். திருத்திச் சொல்லியிருக்கலாம். 'இதுக்கு இங்கிலீஷே தெரியாதோ' என்று நினைத்துவிடுவாரே என்ற பயம்... பயம் மட்டும்தானா? கேட்கும் துணிவு அவளுக்கு இருந்தது, எனக்கு இல்லை. அந்தப் பொறாமையும் சேர்ந்ததா? இன்றும் பிரித்தறிய முடியவில்லை.

மறுநாள் அவளை அளத்துக்குள் விடவில்லை. ஆபீஸ் வாசலுக்கு வந்தாள்.

"ஏம்மா, அந்த ஆபீசரு என்னைப் பத்தி இன்னா சொன்னாரு? நீதானே கூட இருந்த?"

"சரியா காதுல விழலக்கா."

நம்பிவிட்டாள்! அதன்பின் பக்கத்துக் கடலோர ஊரான அனுமந்தையில் மீன் வாங்கி, ஊர் ஊராகக் கூடை சுமந்து விற்றாள்.

சில ஆண்டுகள் கழித்து அவளைப் பேருந்தில் கண்டேன். கூடையைக் காலடிக்கு இழுத்துக்கொண்டு, நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

"உக்காரும்மா. நல்லா இருக்கியா?"

உட்கார்ந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது... என் ஊர் வருவதற்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. அடுத்த நிறுத்தத்திலேயே எழுந்து இறங்கிவிட்டேன்.

"இங்கியாம்மா எறங்கணும்?" சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டாள்.

ஆமென்று தலையாட்டினேன். அதுவும் பொய்.